எடை பெரிதா, இசைவு பெரிதா?

மாணவர்களே! கொச்சி மரைன் டிரைவின் முன்னே சுண்டன் வள்ளங்கள் பாய்ந்து செல்வதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். வள்ளம், அமரம், காயல் ஆகிய சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை; ஆதலால் படகுப்போட்டி நமக்கும் அயலானதன்று. ஆயினும், பருத்த உடலினரே துடுப்பு வலிக்க வல்லவர் என்பர் சிலர். மெலிந்தவர் ஏறினால்தான் படகு விரையும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பாதி உண்மைகளே என்பது என் கருத்து.

படகு, தன் எடைக்கும் தன்மேல் ஏறியோர் எடைக்கும் ஈடான நீரை விலக்கி மிதக்கிறது. எடை கூடினால் படகு மேலும் அமிழும். நீர் தீண்டும் பரப்பு மிகும். நீரின் எதிர்ப்பும் வளரும். எனினும், அவ்வெடை தசை வலிமையாக இருப்பின் உந்துவிசையும் உடன் வளரும். ஆகவே, எடை சுமையாவதும் உண்டு, துணையாவதும் உண்டு.

வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்த, ஏறத்தாழ 33 விழுக்காடு மிகுதியான ஆற்றல் வேண்டும். இத்துணை அரிதாகக் கிடைக்கும் ஆற்றலைச் சிதறவிடாமல் காப்பதே நுட்பம். சுண்டன் வள்ளத்தில் ஏறத்தாழ நூறு பேர் அமர்கின்றனர். வஞ்சிப்பாட்டின் தாளத்திற்கேற்ப அனைவர் துடுப்பும் ஒரே நொடியில் நீரில் புகுதல் வேண்டும். ஒருவர் பிந்தினாலும் அவர் துடுப்பு பிறர் துடுப்போடு மோதும், படகும் தள்ளாடும். ஒலிம்பிக் படகுகளில் இருக்கை முன்னும் பின்னும் நகரும். துடுப்பை வலித்தபின் பதற்றத்தோடு உடலை நகர்த்தினால் ஓடும் படகு தடைபடும்.

2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியை நோக்குக. எடை வரம்புடைய ஆடவர் இரட்டையர் பிரிவில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் ஆகியோர் வெள்ளி வென்றனர். எடை வரம்பற்ற எண்மர் பிரிவிலும் இந்திய ஆடவர் வெள்ளியே வென்றனர். இருவகை உடலுக்கும் வெற்றி கிட்டியதன்றோ?

எடை வரம்புடைய ஆடவர் பிரிவில் எவரும் 72.5 கிலோவைக் கடத்தல் கூடாது. அணியின் சராசரி 70 கிலோவுக்குள் அமைதல் வேண்டும். இவ்வரம்புக்குள் அடங்குவதற்காக உணவையும் நீரையும் துறப்போர் வலிமையையும் உடல்நலத்தையும் இழப்பர். 2024 பாரிஸ் போட்டியோடு ஒலிம்பிக்கில் இப்பிரிவு முடிவுற்றது. வளரும் பருவத்தினர் எடைக்காகப் பட்டினி கிடத்தல் ஒருபோதும் தகாது.

பள்ளி அணிக்கு மாணவரைத் தேர்பவர், எடைப்பொறியை முதலில் நோக்காது, துடுப்பு நீரில் புகும் தருணத்தை நோக்குக. உடன் பயிலும் ஒருவரைப் பருத்தவர் என்றோ மெலிந்தவர் என்றோ நகைத்து ஒதுக்குதல் நுமக்கு அழகன்று. பிறரோடு இசைந்து துடுப்பு வலிக்கக் கற்றவர் எவராயினும் அவருக்குப் படகில் இடம் உண்டு.

சொற்பொருள்: அமரம் – படகின் பின்பகுதி, விழுக்காடு – சதவீதம், இசைவு – பொருத்தம்.

சிந்திக்க: ஆசிரியர் கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.