கத்தட்டும், விடுங்கள்

"இன்னாணா இது? கவர்மென்ட்டு லேப்டாப்பு எட்டு வருசம் கம்முனு கெடந்துச்சு. லட்ச ரூபா குடுத்து வாங்குனது இந்தக் கத்து கத்துது?"

வடசென்னை மூலக்கொத்தளத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று ஓர் அம்மா கேட்டார். மகன் வீடியோ எடிட்டிங் படிக்கிறான். விரல் தடிமன்கூட இல்லாத வெள்ளி நிற லேப்டாப், தவணையில் வாங்கியது, தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கியவன் அவன்தானே.

இதே கேள்வியை ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஆடிட்டர் ஒருவர் கேட்டிருக்கிறார், யூடியூபில் லேப்டாப் விமர்சனம் செய்கிறவர்கள் வாராவாரம் கேட்கிறார்கள். நல்ல லேப்டாப் என்றால் சூடாகக் கூடாதாம், சத்தம் வரக் கூடாதாம். சூடானால் மட்டமான சரக்கு, கத்தினால் கோளாறு. பதினைந்து வருடமாக லேப்டாப்பைப் பிரித்து மூடிப் பிழைப்பவன் நான். இந்தப் பேச்சில் முக்கால்வாசி தப்பு. மிச்சக் கால்வாசியைக் கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அரசு லேப்டாப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் பிளஸ் டூ படித்த பிள்ளை இருந்த வீட்டில் எல்லாம் அது ஒன்று இருக்கும். அது கத்தவில்லை என்பது உண்மைதான். அதைக் கத்த வைக்கும் வேலையை யாரும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. பாடம் படித்தார்கள், படம் பார்த்தார்கள், ரெஸ்யூம் அடித்தார்கள். உடம்பு தடித்த பிளாஸ்டிக், உள்ளே சாதாரண ப்ராசஸர். இன்றைக்குப் பையன் கையில் இருக்கும் வகையறாவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெலின் ஐ7-12700எச் என்ற ப்ராசஸருக்கு அந்தக் கம்பெனியே போட்டிருக்கும் கணக்கு, நிதானமாக ஓடும்போது 45 வாட், முழு மூச்சில் 115 வாட். கிராபிக்ஸ் சிப் தனிக் கணக்கு.

மோட்டாருக்குப் போகும் கரண்ட் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. கிரைண்டருக்குப் போவது மாவாட்டுகிறது. சிப்புக்குப் போவது கணக்குப் போட்டு முடித்துவிட்டு கடைசி வாட் வரை சூடாகத்தான் வெளியே வரும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பைக் கையால் கழற்றிச் சுட்டுக்கொண்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த பல்பு ஒன்றை, சில சமயம் ஒன்றரையை, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். அது சூடாகாமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன்.

சூட்டை யாரும் ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். வடசென்னைக்காரனுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அனல் மின் நிலையத்திலிருந்து வரும் சுடுநீர் ஆற்று முகத்துவாரத்தில் கலக்கிறது என்று எண்ணூர் மீனவர்கள் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிலையம் குளிர்ந்தால் கழிமுகம் சுடும். லேப்டாப் விஷயத்தில் அந்தக் கழிமுகம் உங்கள் மேசை, உங்கள் தொடை, உங்கள் அறை.

"தொட்டால் சுடுது சார், அப்போ உள்ளே எவ்வளவு இருக்கும்?" இது அடுத்த வாதம். டீக்கடையில் எவர்சில்வர் டம்ளரையும் கண்ணாடி கிளாஸையும் ஒரே பாய்லர் டீயோடு கையில் வாங்கிப் பாருங்கள். எவர்சில்வர் சுடும், கண்ணாடி பொறுத்துக்கொள்ளும். டீ ஒன்றுதான். அலுமினிய உடம்பு சூட்டைச் சட்டென்று கைக்குக் கொடுக்கிறது, பிளாஸ்டிக் கொடுப்பதில்லை. மேலே ஜில்லென்று இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிப் 100 டிகிரியில் வெந்துகொண்டிருந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கை சொல்வது கையின் கதை. சிப்பின் கதையைச் சொல்ல இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். அதற்காக மணிக்கணக்கில் தொடையில் வைத்து உட்காராதீர்கள். தோல் வலைவலையாகக் கறுத்துப்போவதைத் தோல் மருத்துவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இப்போது சத்தம். ஃபேன் கத்தினால் மட்டமான ஃபேன் என்கிறார்கள். ஃபேனைக் குறை சொல்லுமுன் அதற்கு ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பழைய தடிமன் லேப்டாப்பில் ஃபேனும் தடியாக இருக்கும், மெதுவாகச் சுற்றினாலே தேவையான காற்றைத் தள்ளிவிடும். மெலிசான உடம்பில் ஃபேனும் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. அதே காற்று வேண்டும் என்றால் வேகமாகச் சுற்ற வேண்டும், வேறு வழி இல்லை. ஒரு ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். ஆக, கடையில் 'எவ்ளோ மெலிசா இருக்கு பாரு' என்று கையில் தூக்கிப் பார்த்த அந்த நிமிடத்திலேயே சத்தத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். பில்லில் அந்த வரி இருக்காது.

சத்தத்திலும் அளவு வேறு, சுருதி வேறு. 60 இதழ் உள்ள குட்டி ஃபேன் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால் நொடிக்கு 5000 தடவை காற்றை வெட்டுகிறது. அது கொசு ரீங்காரத்தைவிட மேலே போய் நிற்கும் கீச்சுச் சுருதி. பேசின் பிரிட்ஜில் ராத்திரி முழுக்க ரயில் கடக்கிறது, கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது, அதிலெல்லாம் தூங்குகிறோம். இந்தக் கீச்சு மட்டும் எரிச்சல் மூட்டும். 2012-இல் ஆப்பிள் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ஃபேன் இதழ்களை வேண்டுமென்றே சமமில்லாத இடைவெளியில் வைத்தது. சத்தத்தை ஒரே சுருதியில் குவியவிடாமல் சிதறடிக்கும் வேலை அது. சத்தத்தை ஒழிக்க வழியில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆப்பிள் பேச்சு வந்ததால் அடுத்த வாதத்தையும் முடித்துவிடுகிறேன். "நல்ல பிராண்டா வாங்குனா இந்தத் தொல்லையே இல்ல." 2018 ஜூலையில் நடந்ததை இவர்கள் மறந்துவிட்டார்கள். ஆப்பிள் அந்த மாதம்தான் ஐ9 ப்ராசஸர் போட்ட மேக்புக் ப்ரோவை இறக்கியது. அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருந்தது. டேவ் லீ என்ற யூடியூபர் அதில் வீடியோவை ரெண்டர் செய்தபோது அந்த அடிப்படை வேகத்தைக்கூடத் தக்கவைக்க முடியாமல் கீழே இறங்கியது. அவர் அதைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்தார். உள்ளே வைத்து ஓட்டியதும் வேலை சீக்கிரம் முடிந்தது. உலகத்தின் விலையுயர்ந்த லேப்டாப்களில் ஒன்றுக்கு மீன் பெட்டி வைத்தியம்! ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஜூலை 24-ஆம் தேதி மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்துக்குப் பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் உடம்பு அதேதான், உள்ளே இருந்த இடமும் அதேதான்.

சரி, ஃபேனே இல்லாததை வாங்கிவிடலாமே? 2020 நவம்பரில் எம்1 மேக்புக் ஏர் வந்தது முதல் இதைச் சொல்லாதவர் இல்லை. நல்ல சாமான், மறுக்கவில்லை. எழுதுகிறவர், வகுப்பெடுக்கிறவர், மெயில் பார்க்கிறவர் தாராளமாக வாங்கலாம். தொடர்ந்து பத்து நிமிடம் முழுப் பாரம் ஏற்றினால் அதுவும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்தத் தெரியாதது பேசாமல் மெதுவாகிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே எம்1 சிப்பை ஃபேன் உள்ள 13 அங்குல ப்ரோவிலும் ஆப்பிளே விற்றது ஏன் என்று யோசித்தால் போதும்.

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். இனி நம்ம ஏரியா.

லேப்டாப் விமர்சனங்களில் போடும் சூட்டு அளவும் சத்த அளவும் பெரும்பாலும் 22, 23 டிகிரி அறையில் எடுத்தவை. லேப்டாப்போடு வரும் தாளை யாரும் படிப்பதில்லை. மேக்புக்குக்கு ஆப்பிள் சொல்லும் அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி. மற்ற பெரிய கம்பெனிகளும் பெரும்பாலும் 35-இல்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். சென்னையில், நுங்கம்பாக்கம் கணக்குப்படி, 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. அவ்வளவு போக வேண்டாம். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்குள் மதியம் மூன்று மணிக்கு வந்து பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். கம்பெனி உத்தரவாதம் கொடுத்த அறையே நம்மிடம் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. சிப் தாங்கும் உச்சம் 100 டிகிரி. விமர்சகர் அறை 23 என்றால் நடுவில் 77 டிகிரி இடம் இருக்கிறது. நம் அறை 37 என்றால் 63தான். அதே ஃபேன், அதே வேகம், வெளியே தள்ள முடிகிற சூடு 18 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும், அல்லது சிப் மெதுவாகும். யூடியூபில் கத்தாத லேப்டாப் உங்கள் வீட்டில் கத்துகிறது என்றால் யூடியூபரும் பொய் சொல்லவில்லை, கம்பெனியும் ஏமாற்றவில்லை. ஆனால் சென்னையில் விற்கிறவர்கள் சென்னை வெயிலில் அளந்து ஒரு வரி போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும். ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் தொழிற்சாலை இருக்கிறது. அளக்க வெயிலைத் தேடி எங்கும் போக வேண்டாம்.

பிறகு தூசி. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் போனது. அதற்கு முன்பு ராயபுரத்தில் மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டவர்களைக் கேளுங்கள். கரி குறைந்தது, லாரிப் புழுதி குறையவில்லை. அதோடு கடற்காற்றின் உப்பு ஈரம் சேர்ந்தால் தூசி பசை மாதிரி ஒட்டும்.

அந்த அம்மாவின் லேப்டாப்பைக் கவிழ்த்து, பத்து ஸ்க்ரூ கழற்றி, அடித்தட்டை நெம்பி எடுத்தேன். சிப்பின் மேலிருந்து ஃபேன் வரை இரண்டு செப்புக் குழாய்கள். பார்த்தால் கம்பி மாதிரி இருக்கும். உள்ளே சொட்டுத் தண்ணீர்தான் இருக்கிறது, காற்றை உறிஞ்சி அடைத்திருப்பதால் 100 டிகிரி வரை காத்திருக்காமல் சீக்கிரமே கொதித்துவிடும். சிப் பக்கம் ஆவியாகும், ஃபேன் பக்கம் ஓடிக் குளிர்ந்து நீராகும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உட்சுவர் வழியே திரும்பும். இட்லிப் பானைக்குள்ளும் மூடியிலும் நடப்பதுதான். குழாய் முடியும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். ஃபேன் அந்தப் பல்லுக்கு நடுவே காற்றை ஊத வேண்டும்.

ஊத வழியே இல்லை. ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. ட்வீசரால் இழுத்தேன். கிழியாமல் முழுசாக வந்தது, ஒரு விரல் நீளம். அதற்குள் ரோஸ் கலர் நூல் ஒன்று ஓடியது. அம்மா குனிந்து பார்த்தார். "இது போன வாரம் நான் தச்ச ப்ளவுஸ் நூலாச்சேணா." எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவர். தையல் மிஷினும் பையனும் லேப்டாப்பும் ஒரே அறையில். பையன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

சிப்புக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருந்தது. துடைத்துப் புதுசு வைத்தேன். ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடித்தேன். பிடிக்காமல் அடித்தால் காற்றில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும், வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்கவும். போட்டு ஓட்டினேன். கத்தியது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் கத்தியது. இந்தத் தடவை அந்தக் கத்தலோடு பின்பக்கம் அனல் காற்றும் வந்தது. அம்மாவின் கையை எடுத்து அங்கே வைக்கச் சொன்னேன். இவ்வளவு நாள் இந்தச் சூடு வெளியே வராமல் உள்ளேயே கிடந்தது.

கூலிங் பேட் வாங்கினால் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் கிடையாது. அடியில் காற்று நுழையும் துளை இருந்தால் கொஞ்சம் பிரயோஜனம். உள்ளே கம்பளி அடைத்திருந்தால் எத்தனை பேட் வைத்தாலும் தண்டம். பின்பக்கம் இரண்டு தண்ணி பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைப்பது செலவில்லாதது. படுக்கையில் மட்டும் வைக்காதீர்கள், மெத்தை துளையை அடைத்துவிடும்.

சத்தமே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதற்கும் விலை உண்டு. விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99-க்கு இறக்குங்கள். சிப் முழு மூச்சில் ஓடும் டர்போ நின்றுவிடும். வோல்டேஜும் வேகமும் ஆளுக்குப் பத்து சதவீதம் குறைந்தால் சிப் தின்னும் மின்சாரம் கிட்டத்தட்ட 27 சதவீதம் குறையும் என்பது சிப் கணக்கு. ராத்திரி அம்மா தூங்கும்போது பையன் அப்படி வைத்துக்கொள்ளட்டும். ரெண்டர் போடும்போது பழையபடி ஏற்றிக்கொள்ளட்டும்.

ஒப்புக்கொள்வதாகச் சொன்ன கால்வாசி இதுதான். ஒரே சீராக ஊதும் சத்தம் வேலைச் சத்தம். கரகரவென்று மணல் அரைப்பது போல வந்தால் பேரிங் போய்விட்டது, ஃபேன் மாற்ற வேண்டும். ஒன்றுமே ஓடாமல் சும்மா இருக்கும்போதும் முழு வேகத்தில் கத்தினால் தூசி, காய்ந்த பேஸ்ட், இல்லை பின்னால் ஒளிந்து ஓடும் ஏதோ ஒரு சாஃப்ட்வேர். சூடு ஏறியும் சத்தமே வராவிட்டால் ஃபேன் நின்றிருக்கலாம், அது கத்துவதைவிட மோசம். டச்பேடு மேலெழும்பி, மூடி சரியாக மூடாமல் இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், பைக் சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் எடுத்து வராதீர்கள். நடந்தே வாருங்கள்.