சந்தனப் பொட்டின் அடியில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தாமிரபரணியின் துணையாறான கடனாநதி வளம் சேர்க்கும் பகுதியில் அமைந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி நோக்கிச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்வர். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மலையும் வயலும் சந்திக்கும் இடத்தில், மேற்கு நோக்கிய திருச்சந்நிதியில் சிவசைலநாதர் பரமகல்யாணி அம்பிகையோடு எழுந்தருளியிருக்கிறார். ஆழ்வார்குறிச்சியில் உள்ள கல்லூரியும் அந்த அம்பிகையின் திருப்பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வூருக்கும் இயந்திர வாகனங்களுக்கும் கூட ஓர் உறவு உண்டு. சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தை வழிநடத்தி, டிராக்டர் உள்ளிட்ட பல தொழில்களைக் கொண்ட பெருங்குழுமத்தை உருவாக்கிய அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சியைப் பூர்விகமாகக் கொண்டவர். அவருடைய மகனுக்குச் சூட்டப்பெற்ற பெயர் சிவசைலம்.

வாகனம் என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். இறைவன் உலா வரும் ரிஷபமும் வாகனம்தான். வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளும் வாகனம்தான். புதிய வண்டி வாங்கியவர்கள் அதனை நேரே கோயில் வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்துவதும், சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாற்றி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவதும் இந்த உறவினால்தான். ஆனால் அவ்வாறு பூஜித்த வண்டியில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எவரும் அதிகமாகப் பேசுவதில்லை.

ஆழ்வார்குறிச்சியில் ஒரு குடும்பத்தை மனத்தில் கொள்ளலாம். தந்தை பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய கருநீல நிற மோட்டார் சைக்கிள் அவ்வீட்டில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனுக்கு அதனை ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் சாவி கைமாறும்போது, "பார்த்து" என்ற ஒரு சொல்லும் கூடவே வரும்.

ஆடி மாதத்தில் ஒரு மாலை. சாரல் விழுந்து தெரு ஈரமாக இருந்தது. வண்டியை வீட்டுக்குள் ஏற்றும்போது பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வாசலின் கல்தூணில் உரசிக்கொண்டே நின்றது. மகனுக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. பெட்ரோல் டேங்கின் வலப்பக்கத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அதன் நடுவில் உலோகம் வெள்ளையாகத் தெரிந்தது.

தந்தை இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் எழுந்த மகன் பூஜை அறையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து, கீறல் விழுந்த இடம் முழுவதும் பட்டையாகப் பூசினான். நடுவில் குங்குமம் வைத்தான். இடப்பக்கத்திலும் அதே அளவில் ஒன்றை இட்டான், ஐயம் எழாமல் இருப்பதற்காக.

தந்தை அதைக் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மனைவியிடம், "பையனுக்குப் பொறுப்பு வந்துட்டு" என்று சொன்னது மட்டும் மகனின் காதில் விழுந்தது.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் அவனே வண்டியைத் துடைத்தான். பழைய சந்தனம் உதிர்வதற்குள் புதிய சந்தனத்தைப் பூசினான். திட்டு வாங்கியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். பாராட்டு வாரந்தோறும் வந்தது. பொய் சொல்லாமலே ஒருவன் எவ்வளவு பெரிய பொய்யில் வாழ முடியும் என்பதை அவன் அந்த நாள்களில் அறிந்துகொண்டான்.

நவராத்திரி தொடங்குவதற்கு முந்தைய பிரதோஷம் வந்தது. பாட்டியை அழைத்துக்கொண்டு அவன் சிவசைலம் சென்றான். அத்தலத்து நந்தியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். படுத்திருக்கும் நந்தியாக அல்லாமல், எழுந்துவிடப் போகும் நந்தியாகவே அது தோன்றும். சிற்ப நூல் வழுவாமல், ஒரு குறையும் இன்றி வடிக்கப்பட்டதால் அந்த நந்தி உயிர்பெற்று எழ முயன்றது என்றும், சிற்பி தம் உளியால் அதன் முதுகில் ஒரு கீறல் இட்டு அதை அமர வைத்தார் என்றும் தலத்தில் கதை வழங்குகிறது. அந்தத் தழும்பைப் பக்தர்களுக்குச் சுட்டிக்காட்டுவதும் வழக்கம்.

பாட்டி அந்தக் கதையை நூறாவது முறையாகச் சொன்னாள். அபிஷேகம் நடந்தது. பாலும் பன்னீரும் சந்தனமும் நந்தியின் முதுகில் வழிந்தன. நீர் விட்டபோது சந்தனம் கரைந்து ஓடியது. தழும்பு மீண்டும் தெரிந்தது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேரனுக்குக் கை கூப்ப வரவில்லை.

அன்று இரவு அவன் தந்தையின் முன் நின்றான். ஈரத்துணியால் டேங்கைத் துடைத்துக் காட்டினான். சந்தனத்தின் அடியில் வெள்ளைக் கோடு இல்லை. பழுப்பு நிறத் துரு இருந்தது. துருவின் ஓரத்தில் வண்ணம் குமிழ்விட்டுக் கிளம்பியிருந்தது.

தந்தை வெகுநேரம் அதையே பார்த்தார்.

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

"ஒன்பது, அப்பா."

"ஒன்பது வாரமும் எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஆபீஸ்லயும் சொன்னேன்."

மகன் அழுதான். தந்தை சினம் கொள்ளவில்லை. சினத்தை எதிர்பார்த்தே ஒன்பது வாரம் நடுங்கியவனுக்கு அது இன்னும் கடினமாக இருந்தது. சிறிது நேரம் கழித்து அவர் கேட்ட கேள்வி மகனுக்கானதா, தமக்கானதா என்பது விளங்கவில்லை. "கீறல் விழ ஒரு நிமிஷம்தான் ஆயிருக்கும். அதைச் சொல்ல ஒன்பது வாரம் ஆச்சுன்னா, என் முகத்துல அப்படி என்னத்தலே பார்த்தே?"

உள்ளிருந்து பாட்டி பதில் சொன்னாள்: "போன வருஷம் பாப்பா செல்போனைக் கீழ போட்டப்ப நீ போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அவன் அதைத்தான் பார்த்தான்."

தந்தை தலைகுனிந்தார். அவ்வீட்டில் பழுது பார்க்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

மறுநாள் இருவரும் வண்டியைப் பெயிண்ட் பட்டறைக்குக் கொண்டு சென்றனர். பட்டறைக்காரர் முதியவர். விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பின் மகனையும் ஓட்டச் சொன்னார்.

"நகம் மாட்டுதா தம்பி?"

"மாட்டுது அண்ணாச்சி."

"மாட்டலைன்னா மேல் பூச்சோட போச்சுன்னு அர்த்தம். பாலிஷ் போட்டாலே மறைஞ்சிரும். மாட்டுச்சுன்னா ஆழமாப் போயிருக்கு. அன்னைக்கே வந்திருந்தா அரை நாள் வேலை. இப்ப துரு உள்ள ஓடியிருக்கு."

வண்டியின் வண்ணம் ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின் மேல் முதலில் பிரைமர். அது துருவைத் தடுத்து, வண்ணம் பற்றிக்கொள்ள இடம் தரும். அதன் மேல் நிறம். நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு. மினுமினுப்பைத் தருவதும் வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுவே. கீறல் எந்த அடுக்கு வரை சென்றது என்று அறிந்த பின்னரே எந்த மருந்து என்று முடிவு செய்ய இயலும். தகடு வரை சென்ற கீறலில் காற்றும் ஈரமும் புகுந்தால் துரு பிடிக்கும்; அது வண்ணத்தின் அடியில் பக்கவாட்டிலும் பரவும். அதன் மேல் அப்பிய சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்து அந்த வேலையை விரைவாக்கியிருந்தது.

"தேய்க்கிற வேலையை இவனே செய்யட்டும்" என்றார் தந்தை. அது தண்டனைபோல் ஒலிக்கவில்லை. அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அருகில் அமர்ந்தார்.

டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்து, அதைக் கழற்றித் தனியே வைத்தனர். பட்டறைக்காரர் அருகில் நெருப்பு எதையும் அனுமதிக்கவில்லை. சுவாமி படத்தின் முன் எரிந்த விளக்கைக்கூட வேறு அறைக்கு மாற்றினார். சோப்பு நீரால் அழுக்கைக் கழுவிய பின் உப்புத்தாளால் துருவைத் தேய்த்தனர். பழுப்பு முழுவதும் நீங்கி இரும்பு பளிச்சிடும் வரை தேய்க்க வேண்டும். ஒரு புள்ளி எஞ்சினாலும் புதிய வண்ணத்தின் அடியில் அது மீண்டும் வளரும். துருவை எடுக்க எடுக்கக் காயம் முன்னிலும் பெரிதாயிற்று. ஒரு விரல் அகலக் கீறல் உள்ளங்கை அகல வெற்றிடம் ஆயிற்று. மகன் அஞ்சிக் கையை நிறுத்தினான். "பெருசாத்தான் ஆகும், தேய்" என்றார் பட்டறைக்காரர்.

சுற்றியுள்ள பழைய வண்ணத்தின் விளிம்பையும் சரிவாகத் தேய்த்தனர். நகத்துக்கு மேடு பள்ளம் தெரியாத வரை அது நீடித்தது. உரசலில் சற்றே அமுங்கிய இடத்துக்குப் பட்டி வைத்து, காய்ந்ததும் சமன் செய்தனர். பிறகு பிரைமர்; அது காய்ந்ததும் நீர் தொட்டு மெல்லிய தாளால் மீண்டும் ஒரு தேய்ப்பு. அதன் மேல் நிறம், மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர இடைவெளி விட்டு. ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் வழிந்து கோடாகிவிடும். மழை ஈரம் மிகுந்த நேரத்தில் அடித்தால் பூச்சு வெளுத்துப் புகைபடிந்தாற்போல் ஆகும் என்பதால், வெயில் வந்த நாளுக்குக் காத்திருந்தே அடித்தனர். கடைசியில் தெளிந்த பூச்சு. அது நன்றாக இறுகும்வரை பாலிஷ் போடக் கூடாது என்று பட்டறைக்காரர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஆலயங்களிலும் முறை இதுவேதான். விமானத்தில் விரிசல் கண்டாலும், திருமேனியைத் தாங்கும் மருந்து தளர்ந்தாலும், அலங்காரத்தால் அதை மூடிவிட ஆகமம் இடம் தருவதில்லை. மூர்த்தியின் சக்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பழுதைத் திறந்து பார்த்து, பழையதைக் களைந்து, புதியதைச் சேர்க்கின்றனர். அஷ்டபந்தனம் புதிதாகச் சாற்றப்படுகிறது. பின்னரே கும்பாபிஷேகம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு செய்வதை மரபாகவே வைத்துள்ளனர் முன்னோர். பழுது நேர்வது இழிவு என்று அவர்கள் கருதவில்லை; திருப்பணி என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

வாகன பூஜை செய்யும் இல்லங்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். மாலையைக் கம்பியால் கட்டாமல் வாழைநாரால் கட்டினால் வண்ணத்தில் கோடு விழாது. சந்தனமும் குங்குமமும் சிறு பொட்டாக இருந்தால் போதும். மறுநாளே நிறைய நீர் விட்டுக் கழுவி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த தூசியையும் குங்குமத்தையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதே நுண்ணிய கீறல்கள் பலவற்றுக்குக் காரணம். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தை உடனே கழுவிவிட வேண்டும். தேங்காயை வண்டியிலிருந்து சற்று விலகி உடைக்கலாம். கற்பூர ஆரத்தி டேங்கை நெருங்க வேண்டியதில்லை. சிறு கீறலுக்குக் காப்பீட்டுத் தொகை கோருமுன், கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை போய்விடுமா என்று கணக்குப் பார்ப்பதும் நல்லது. அதே நிறத்தில் பழுது பார்ப்பதற்குத் தடையில்லை. வண்டியின் நிறத்தையே மாற்றுவதானால் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுப் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முதன்மையான காப்பு ஒன்று உண்டு. "அப்பா, இப்படி ஆகிவிட்டது" என்று பிள்ளை அன்று மாலையே வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா என்பதே அது. பிள்ளைகளின் உண்மையைப் பெரும்பாலும் பெரியவர்களின் முகமே தீர்மானிக்கிறது.

ஆயுத பூஜை நாள் வந்தது. அவ்வீட்டின் வழக்கப்படி தந்தையே வண்டியைக் கழுவினார். காலை வெயில் சாய்வாக விழுந்தபோது, புதிய நிறம் பழைய நிறத்தைவிட ஓர் இழை கருமையாகத் தெரிந்தது. அருகில் நின்ற மகன் அதைக் கண்டு முகம் வாடினான்.

"தெரியுதுப்பா."

"தெரியட்டும்" என்றார் தந்தை.

சந்தனக் கிண்ணத்தை மகனின் கையில் கொடுத்தார். அவன் முகப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு வைத்தான். பின்புறம் ஒன்று வைத்தான். டேங்கின் வலப்பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டான்.