முன்வரிசையில் நின்றால்தான் பெருமையா?

நம் பள்ளிப் பாடகர் குழுவில் நாம் எல்லோரும் முதற்குரல் பாடவே விரும்புகிறோம். இரண்டாம் குரலில் நிறுத்தப்பட்டால் நம் முகம் வாடிவிடுகிறது. நம் குரல் தனியாகத் தெரியாதே என்பதுதான் நம் குறை. இக்குறை சரிதானா என்று சிந்திக்க, ஓரின் ஓ'பிரையன் என்னும் இசைக்கலைஞரின் வாழ்க்கை நம்மைத் தூண்டுகிறது.

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்த அவர் டபிள் பேஸ் வாசிப்பவர். வயலினைப் போல் வில்லால் இசைக்கப்படும் மிகப் பெரிய வாத்தியங்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ ஆறடி உயரம் இருக்கும். நின்றுகொண்டோ, உயரமான ஆசனத்தில் அமர்ந்தோ வாசிக்க வேண்டும். அதன் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. தடித்த தந்திகளை அழுத்த விரல்களில் வலிமை வேண்டும். ஆகவே இது ஆண்களுக்குரிய வாத்தியம் என்றே பலர் எண்ணியிருந்தனர்.

1842-இல் தொடங்கப்பட்ட நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில், லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசை இயக்குநராக இருந்த காலத்தில், 1966-ஆம் ஆண்டு ஓரின் சேர்ந்தார். அன்று அக்குழுவில் அவர் ஒருவரே பெண். பத்திரிகைகளோ அவருடைய வாசிப்பை விட்டுவிட்டு, அவருடைய அழகைப் பற்றி எழுதின! ஒரு பெண்ணின் உழைப்பை இதைவிட அவமதிக்க முடியுமா? ஆனால் அவர் 2021-இல் ஓய்வு பெறும் வரை 55 ஆண்டுகள் அதே குழுவில் வாசித்தார். மாணவர் பலருக்குக் கற்பித்தார். இதைவிடச் சிறந்த பதில் வேறென்ன?

அவருடைய பெற்றோர் இருவரும் ஹாலிவுட் நடிகர்கள். புகழை அருகிலேயே கண்டு வளர்ந்தும், அவர் அதைத் தேடவில்லை. பின்னால் நின்று பிறர் இசையைத் தாங்குவதிலேயே மகிழ்ச்சி கண்டார். அவருடைய சகோதரர் மகள் மோலி ஓ'பிரையன் அவரைப் பற்றி எடுத்த குறும்படம் 2025-இல் ஆஸ்கார் விருது பெற்றது. தேடாத புகழ் தானே வந்தது!

"அப்படியானால் பெண்கள் பின்னால் நிற்பதே நல்லதா?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. பின்னுக்குத் தள்ளப்படுவது வேறு; தாங்கி நிற்பது வேறு. கதவை அடைத்துவிட்டு அடக்கமாயிரு என்று சொல்வது அநீதி. தகுதியால் கதவைத் திறந்து உள்ளே சென்றபின், தன் பணியை ஆரவாரமின்றிச் செய்வதே பண்பு. ஆகவே அன்புள்ள பெற்றோரே, "இது பெண்ணுக்கு ஏற்றதன்று" என்று சொல்லுமுன், ஒரு முறையாவது எங்களை முயன்று பார்க்க விடுங்கள் என வேண்டுகிறோம்.

திருச்சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்ட புனித சின்னப்பர் எந்த உறுப்பையும் அற்பமென்று ஒதுக்கவில்லை. இனி இரண்டாம் குரல் நமக்குக் கிடைத்தால் முகம் வாடாமல் பாடுவோம். ஐயமிருந்தால், ஒரு நாள் பயிற்சியில் நாம் மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டு, மீதிப் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்ப்போமே!