பொம்மை வீட்டுக்குப் பர்மா தேக்கு வேண்டாம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் கதவும் தூணும் உத்தரமும் விலைக்குக் கிடைக்கின்றன. செட்டிநாட்டு வீட்டைச் சிறு மாதிரியாகச் செய்ய முனைபவர்களுக்கு, அங்கே வாங்கிய பர்மா தேக்குத் துண்டைச் சீவிப் பலகைத் தளம் பாவ ஆசை வருவது இயல்பு. கடல் கடந்து வந்த மரம், தலைமுறைகள் கண்ட மரம். ஆனாலும் அந்த வேலைக்கு அது ஆகாது என்றே சொல்வேன்.

பொம்மை வீடுகளுக்கு உலகெங்கும் வழங்கும் அளவு 1:12. ஓர் அடி ஓர் அங்குலமாகும். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்த பிரிட்டன் அரசி மேரியின் பொம்மை வீடும் இதே அளவுதான். 6 அங்குலப் பலகை அரை அங்குலப் பட்டையாகும், ஓர் அங்குலக் கனம் 2 மில்லிமீட்டராகும். இதையெல்லாம் ரம்பமும் இழைப்புளியும் பார்த்துக்கொள்ளும். மரத்தின் ரேகையைச் சுருக்கத்தான் கருவி இல்லை. தேக்கின் ஆண்டு வளையத் தொடக்கத்திலுள்ள துளைகள் கால் மில்லிமீட்டருக்கு மேல் அகலமானவை; வெறுங்கண்ணுக்கே தெரியும். 12ஆல் பெருக்கினால், அந்த வீட்டில் நிற்கும் பொம்மையின் காலடியில் பலகை முழுக்க 3 மில்லிமீட்டர் குழிகள்! பார்ப்பவருக்குக் காரணம் புரியாமல் போகலாம், ஆனால் ‘இது வீடு இல்லை, மரத்துண்டு’ என்று கண் உடனே சொல்லிவிடும். அதனால் ரேகை நெருங்கிய மரம் வேண்டும். கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை பொருத்தமானது. கடைசல் வேலைக்குப் பேர்போன மஞ்சக்கடம்பும் ஆகும். தேக்கு நிறச் சாயம் ஏற்றி, ஓரங்களில் பென்சிலைத் தேய்த்து ஒட்டினால் பலகைகளின் இணைப்புக் கோடு தெரியும். பசையின் ஈரம் ஒரு முகத்தில் மட்டும் ஏறுவதால் பட்டை வளையும். காயும்வரை மேலே கனம் ஏற்ற வேண்டும். பளபளக்கும் வார்னிஷும் கூடாது, பளபளப்பும் அளவோடு சுருங்குவதில்லை.

செட்டிநாட்டுத் தரை என்றால் ஆத்தங்குடிக் கல்தானே, மரப்பலகை எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முகப்பிலும் வளவு என்னும் உள்முற்றப் பகுதியிலும் மரம் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் இருக்கிறது. எனவே இந்தப் பட்டைகளை மேல்தளத்தின் அடியில், கூரைப் பலகையாகப் பதிப்பதே சரி. கீழ்த்தரைக்கும் இதே விதிதான். கண்ணாடிமேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் ஊற்றி வார்க்கும் 8 அங்குலக் கல், மாதிரியில் 17 மில்லிமீட்டர்தான். அந்தச் சதுரத்தில் மணலும் சிமெண்டும் முரடாகத் தெரியும். தீட்டிய தாளே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

பழைய தேக்கில் குடும்பத்தின் நினைவு இருக்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அந்த நினைவை நான் மதிக்கிறேன். அதைச் சுமக்கத் தளம்தான் வேண்டுமென்பதில்லை. தேக்கை மாதிரி வீடு நிற்கும் பீடமாக்குங்கள். அங்கே அது தன் முழு அளவிலேயே, தன் ரேகையோடு இருக்கலாம். தளத்துக்கு வெட்பாலை வாங்குங்கள்.