ஈரம் காயும்வரை பொறுப்போம்



மதிப்பெண் குறைந்த பிள்ளையை ‘மந்தம்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தார்கள். பொம்மைகளை டஜன் டஜனாக அடுக்குவதைப் பார்த்து வளர்ந்த ஒரு சிறுமி, ‘பத்து டஜன் எத்தனை?’ என்றால் நொடியில் 120 என்பாள். அதையே நாலு வரிக் கணக்காகக் கொடுத்தால் விழிப்பாள். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே கவனம் முழுதும் தீர்ந்துவிடும். மனம் ஒரே நேரத்தில் ஏந்தும் தகவலுக்கு எல்லை உண்டு. சிறுவர்களுக்கு அது இன்னும் குறைவு. பசியும் தூக்கமின்மையும் கவனத்தை மேலும் குலைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வயிற்றுக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் துணை.

பிள்ளை இன்று பிறர் துணையோடு செய்வதை நாளை தானே செய்யும் என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934). எனவே ஆசிரியர்கள் ஊர்த் தொழிலிலிருந்தே கணக்கைத் தொடங்கட்டும். நன்றாகப் படிப்பவரையும் தடுமாறுபவரையும் அருகருகே அமர்த்தட்டும். பெற்றோர் தினமும் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்கட்டும். தாங்கள் படிக்காதவர்களாயினும் கேட்கலாம்.

ஈரம் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் வெடிக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அந்தப் பொறுமையைப் பிள்ளைகளிடமும் காட்டுவோம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்.