ரவுட்டரை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போகிறீர்கள். கம்ப்யூட்டரில் நெட் வரவில்லை. உடனே ஹாலில் இருந்து ஒரு குரல் வரும்: "இன்ஜினியரிங் தானே படிக்கிற, இதைக் கொஞ்சம் பாரேன்!" நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸா, சிவிலா என்பதெல்லாம் வீட்டில் கணக்கே இல்லை. நீங்களும் பந்தாவாக எழுந்து போய் என்ன செய்வீர்கள்? ரவுட்டர் ஸ்விட்சை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போடுவீர்கள். நெட் வந்தால் நீங்கள்தான் ஹீரோ. வரலைன்னா, "கம்பெனி சரியில்லப்பா, வேற கனெக்‌ஷன் மாத்துங்க" என்று ஒரு தீர்ப்பு.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சை அணைத்துப் போடுவதற்கு நாலு வருஷப் படிப்பு தேவையில்லை. பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்த பிறகு கை வைப்பதுதான் நம்ம வேலை. ரீஸ்டார்ட் கடைசிப் படியாக இருக்கட்டும், முதல் படியாக வேண்டாம்.

"ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுதே, அப்புறம் என்ன மச்சி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ரவுட்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பல நாள் விடாமல் ஓடினால் மெமரி நிரம்பலாம், உள்ளே இருக்கும் புரோகிராம் சிக்கிக்கொள்ளலாம். மறுபடி கிளம்பும்போது அது புதிதாக ஐ.பி. முகவரி வாங்கும், வைஃபை சேனலைக்கூட மாற்றிக்கொள்ளும். இதில் எது உங்கள் பிரச்சினையைத் தீர்த்தது? தெரியாது. அது தெரியாததால்தான் நாளைக்கும் அதே நேரத்தில் அதே ஸ்விட்சைத் தேடிப் போகிறோம். இன்னொன்று, எந்த லைட் எப்படி எரிந்தது, கம்ப்யூட்டருக்கு என்ன முகவரி கிடைத்திருந்தது என்ற தடயங்கள் எல்லாம் அந்தப் பத்து விநாடியில் அழிந்துபோகும்.

வேடிக்கை என்னவென்றால், கண்டுபிடிக்கும் வழியை நாம் ஏற்கெனவே படித்துவிட்டோம். "ப்ளீஸ் டூ நாட் த்ரோ சாசேஜ் பிட்சா அவே" என்று மனப்பாடம் பண்ணி, 13 மார்க் கேள்விக்கு ஓ.எஸ்.ஐ. மாடலின் ஏழு லேயரையும் படம் போட்டு எழுதினோமே, அதுதான். கீழே இருந்து மேலே ஒவ்வொரு படியாகப் போனால் பழுது தானாக மாட்டும்.

முதல் படி கண்ணால் பார்ப்பது. ஃபைபர் கனெக்‌ஷன் என்றால் சுவரில் மாட்டிய பெட்டியில் 'பான்', 'லாஸ்' என்று இரண்டு லைட் இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் பான் நிலையாகப் பச்சையில் எரிந்தால் நல்லது. லாஸ் சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, கண்ணாடி இழை வழியாக ஒளியே வரவில்லை என்று அர்த்தம். எலி கடித்திருக்கலாம், தெருவில் பள்ளம் தோண்டியிருக்கலாம், வீட்டுக்குள்ளேயே யாராவது ஒயரை மடக்கி பீரோவுக்குப் பின்னால் தள்ளியிருக்கலாம். இந்த நிலையில் விண்டோஸை ஃபார்மேட் பண்ணினால்கூட நெட் வராது. ஒரு எச்சரிக்கை: அந்த ஃபைபரைக் கழற்றி முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

இரண்டாவது, வைஃபையா, நெட்டா என்று பிரிப்பது. ஒரு லேன் கேபிளை எடுத்து ரவுட்டரில் நேராகச் சொருகிப் பாருங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் திணறினால், கம்பெனி மேல் தப்பில்லை. ரவுட்டர் டி.வி.க்குப் பின்னாலோ இரும்பு பீரோ மேலோ உட்கார்ந்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அபார்ட்மெண்டில் இருபது வீடும் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன. பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் இன்னும் மோசம், அதுவும் ஏறக்குறைய இதே அலைவரிசைதான்.

மூன்றாவது, முகவரி. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கமாண்டைக் கொடுங்கள். ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் முகவரி கேட்டும் ரவுட்டர் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். சரியான முகவரி இருந்தால் அடுத்து பிங். 1983-இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன புரோகிராம், இன்றைக்கும் இதை மிஞ்ச ஆள் இல்லை. அதே திரையில் 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், பல வீடுகளில் 192.168.1.1. முதலில் அதற்குப் பிங் கொடுங்கள். பதில் வரவில்லையா? கோளாறு வீட்டுக்குள்ளேயே. வந்தால் 8.8.8.8-க்குக் கொடுங்கள். கேட்வே பதில் சொல்லி இது மட்டும் சொல்லாவிட்டால், கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம், கம்பெனி லைனில்.

இரண்டும் பதில் சொல்கிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியது டி.என்.எஸ். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஆள் தூங்கிவிட்டார். நெட்வொர்க் செட்டிங்கில் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள், ரெண்டு நிமிஷ வேலை.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கரண்ட் போய் வந்ததும் எல்லாத் தளமும் "பாதுகாப்பில்லை" என்று மிரட்டினால், கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாததால் பிரவுசர் நம்ப மறுக்கிறது. ஒரு சின்ன பேட்டரி போதும், புது ரவுட்டர் வேண்டாம்.

எல்லாம் சரி, ஒரே ஒரு ஆப் மட்டும் ஓடவில்லை என்றால்? 2021 அக்டோபர் 4 இரவை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களுக்கு நடுவே இருந்த இணைப்பே அறுந்து, அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் வழியும் இணையத்தில் இருந்து மறைந்துவிட்டது. அன்றைக்கு நம்ம வீட்டு ரவுட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் வாட்ஸ்அப் வந்திருக்காது. வேறு ஒரு தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் புரிந்திருக்கும்.

"இவ்வளவு அலட்டல் எதுக்கு?" என்றால், முதல் காரணம் பணம். பீரோ மேல் இருக்கும் ரவுட்டரைக் கீழே இறக்க வேண்டிய இடத்தில் அப்பா 100 எம்.பி.பி.எஸ். பிளானை 300-ஆக மாற்றி, மாசாமாசம் கூடுதலாகக் கட்டுகிறார். கட்டச் சொன்னது யார்? இன்ஜினியரிங் படிக்கும் நம்ம வாய்தான். இரண்டாவது, பிளேஸ்மென்ட். ஆன்லைன் டெஸ்ட் நடுவில் நெட் நின்றால் நம்ம கையில் இருப்பது சில நிமிஷங்கள். கோளாறு வைஃபையில் என்று தெரிந்தவர் கேபிளைச் சொருகுவார், கம்பெனி லைனில் என்று தெரிந்தவர் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவார். தெரியாதவர் ரவுட்டர் பூட் ஆகும்வரை லைட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது, வெயிலில் அலைந்து வரும் லைன்மேன். "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால் அவரும் முதலில் ரீஸ்டார்ட்தான் செய்து பார்ப்பார். "அண்ணே, லாஸ் சிவப்பா இருக்கு" என்று சொன்னால், ஃபைபர் ஒட்டும் மெஷினோடு வருவார். அவர் நேரமும் மிச்சம், நம்ம நேரமும் மிச்சம்.

நம்ம டிபார்ட்மெண்டுகளிடமும் ஒரு கோரிக்கை. நெட்வொர்க் லேபில் எல்லாம் ஒழுங்காக ஓடும் சிஸ்டத்தில், ரெக்கார்ட் நோட்டில் இருக்கும் கிளையன்ட்-சர்வர் புரோகிராமை டைப் அடித்துவிட்டு வருகிறோம். வருஷத்தில் ஒரே ஒரு நாள், வேண்டுமென்றே கெடுத்து வைத்த நெட்வொர்க்கை எங்களிடம் கொடுங்கள். ஒருத்தருக்குத் தப்பான டி.என்.எஸ்., ஒருத்தருக்கு உடைந்த கிரிம்ப், ஒருத்தருக்குப் பழைய தேதி. கண்டுபிடித்தவருக்கு மார்க். ஏழு லேயரும் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறும்.

அதுவரைக்கும், இந்த லீவில் ஒரு காரியம் செய்யுங்கள். நெட் நன்றாக ஓடும் நாளில் பெட்டியின் லைட்டுகளை ஒரு போட்டோ எடுத்து அம்மா போனில் போட்டு வையுங்கள். கேட்வே முகவரி, கஸ்டமர் ஐ.டி., கம்ப்ளெய்ன்ட் நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ரவுட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். "லாஸ் சிவப்பா எரிஞ்சா ஃபோன் பண்ணு, இல்லைன்னா முதல்ல கேபிள் போட்டுப் பாரு" என்று வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லிக் கொடுங்கள். நீங்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகும் அந்த வீட்டில் நெட் நிற்கத்தானே போகிறது!