வீடு யார் பெயரில்?

வேலை உளவியல் படிக்கும் எவரும் ஹோதோர்ன் ஆய்வைத் தாண்டி வரமுடியாது. 1927இல் சிக்காகோவுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் ஐந்து இளம்பெண்களைத் தனியறையில் இருத்தி, ஓய்வு நேரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, வேலை கூடுகிறதா என்று பார்த்தார்கள். மணமாகாத பெண்கள். பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டு வந்த ஒருத்தியும் அங்கே இல்லை. 1985இல் கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடக்கும் இழுபறியை எழுதினார்கள். அதன்பின் வந்த கேள்வித்தாள்களில் தாய்க்கு இடம் கிடைத்தது. ஆனால் அவள் புருஷனோடும் பிள்ளைகளோடும் தனியே குடியிருக்கும் தாய்.

இலங்கையின் கிழக்கே, சாகாமத்திலிருந்து கல்முனை வரை எங்கள் பக்கத்தில் வீடு அப்படியல்ல. வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் வந்து சேருகிறார். குடி என்கிற வம்சம் தாய்வழியில் போகிறது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் இதை விரிவாக எழுதினார். அக்கா தங்கச்சி வளவுகள் ஒட்டியே கிடக்கும். உம்மா படிப்பிக்கப் போனால் பிள்ளை அவளுடைய தாயான உம்மும்மாவிடம், இல்லாவிட்டால் சாச்சியிடம். மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றுகிற பெண் அதே விறாந்தையில் பிள்ளைக்குச் சோறும் தீத்துகிறாள். ‘உங்கள் வேலை குடும்பத்துக்கு எவ்வளவு இடைஞ்சல்?’ என்று ஐந்து கட்டம் போட்ட தாளை நீட்டினால் அவள் எதில் புள்ளடி போடுவாள்?

பழம்பெருமை பேச இதை எழுதவில்லை. அந்தச் சீதன வீட்டைக் கட்டத்தான் எத்தனையோ தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். மகளுக்காக மகளைப் பிரிந்தார்கள். 2013இல் அரசு அப்படிப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் போகக்கூடாது என்றது. 2022இல் அந்த வயதை இரண்டாக்கியது. வெளிநாடு போகும் வாப்பாவிடம் அப்படியொரு அறிக்கை கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

ஆய்வாளர் செல்வி திருச்சந்திரன் 1999இலேயே கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களைப் பற்றி நூல் எழுதிவிட்டார். ஆனாலும் 2004 சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்று ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுடையதாக இருந்தது, ஒரு படிவத்தால் கைமாறியது.

2018 முதல் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அது நல்ல சட்டம். வீட்டிலிருந்து நூல் சுற்றுகிறவளுக்கு அது எட்டாது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, தானும் தாயான பின், புதுக் கேள்வித்தாள் எழுதவேண்டும். வீடு யார் பெயரில்? கட்டிய காசு யார், எந்த நாட்டில் உழைத்தது? நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்கிறவருக்கு என்ன வயது, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் பார்க்கிறார்? அந்த உம்மும்மாவையும் தொழிலாளி என்றே பதிய வேண்டும்.